சூடேறினாத்தான் பாடும்

இலங்கை மலைநாட்டில் கோட்டகலைப் பக்கம் இருக்கும் என் தாய்மாமா வீட்டில் மூன்று வருடமாக ஒரு சிவப்பு லைட்டை யாரும் அணைத்ததே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் எரிகிற பல்பைச் சொல்லவில்லை. அதற்குக் கீழ்த்தட்டில் இருக்கும், பாட்டைப் பெருக்கி இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ஆம்பிளிபயரின், சுருக்கமாக ஆம்பின், பவர் லைட். பகல், இரவு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும்போது, எப்போதும் எரியும். அத்தை துடைக்கிறேன் என்று கிட்டப் போனாலும் மாமா சத்தம் போடுவார்.

"ஓஃப் பண்ணிட்டு மறுபடி போட்டா அரை மணி நேரத்துக்கு வலது பக்கம் வாயத் தொறக்காது மருமகனே. சூடேறினாத்தான் பாடும்."

மாமா தேயிலை பெக்டரியில் டிரையர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விறகு போட்டு, உள்ளே போகிற காற்று நூறு டிகிரிக்குக் கிட்ட வந்த பிறகுதான் இலையை விடுவார்கள்; முந்தி விட்டால் அந்தத் தூள் கெட்டுப்போகும். ஆம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே நியாயம்தான். "டிரையர் சூடேறாம எவனாச்சும் எலையக் கொட்டுவானா?" இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. டிரையர் விஷயத்தில் அவர் சொல்வது சரிதானே.

ஆனி மாதத்தில் ஒரு நாள் இரவு மழையில் கரண்ட் போய் விடியற்காலையில் வந்தது. அன்றைக்கு வலது பக்கம் அரை மணி நேரத்தில் அல்ல, மத்தியானம் வரைக்கும் வரவில்லை. மாமா போன் எடுத்தார். சனிக்கிழமை நான் போய், ஆம்பை ஒரு பழைய போர்வையில் சுற்றி, மேலே உரச் சாக்கைப் போட்டு மூடி, ஓட்டோவில் ஹட்டனுக்குக் கொண்டு வந்தேன். பன்னிரண்டு கிலோவாவது இருக்கும்.

வந்ததும் பிளக்கைச் சொருகவில்லை. வெளியே 15 டிகிரி, தூறல். என் மேசை இருப்பது அடுப்படிக்குப் பக்கத்து அறை. குளிர்ந்த இரும்பு வெதுவெதுப்பான ஈரக் காற்றுக்குள் வந்தால் கண்ணாடிக் கிளாஸில் வேர்ப்பது போல உள்ளே போர்டிலும் வேர்க்கும். அந்த நேரத்தில் 230 வோல்ட் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஒரு இரவு அப்படியே விட்டேன். அறையின் வெப்பத்துக்கு ஆம்ப் வரும் வரை காத்திருக்கிறோமே, மலைநாட்டில் தவறாமல் செய்ய வேண்டிய 'சூடேற்றல்' அது ஒன்றுதான். அதைக் கரண்ட் கொடுக்காமலே செய்ய வேண்டும்.

ஞாயிறு காலை மூடியைத் திறந்தேன்.

80களில் ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டுக் கடைகளுக்காகச் செய்த மாடல், 100 வோல்ட். கொழும்பில் பழைய ஜப்பான் சாமான் விற்கும் இடத்தில் மாமா வாங்கியது. 230ஐ 100 ஆக்க ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போர்மர் தனியாக, அதுவும் மூன்று வருடம் அணையாமல். உள்ளே நல்ல கனமான டிரான்ஸ்போர்மர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் 10,000 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, நடுவில் சூட்டை வெளியே விடும் அலுமினிய ஹீட்சிங்க். அழகான வேலை. ஹீட்சிங்கின் இடுக்கில் துவரம்பருப்பு அளவில் கறுப்பு உறைகள் ஏழெட்டு ஒட்டியிருந்தன. கரப்பான் முட்டைக்கூடு! இந்தக் குளிரில் இரவெல்லாம் கதகதவென்று இருக்கிற இடம் வீட்டில் இரண்டுதான், அடுப்பும் ஆம்பும். அடுப்பை அத்தை தினமும் மெழுகுகிறார். ஒரு மூலையில் போர்ட் முழுக்கக் கரப்பான் எச்சம். படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை, அத்தை பார்த்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

கை வைக்கும் முன் பெரிய கெப்பாசிட்டர்களை வெறுமையாக்க வேண்டும். பிளஸ் மைனஸ் 38 வோல்ட் லைன், ஒவ்வொன்றிலும் ஏழு ஜூலுக்கு மேல் தேங்கியிருக்கும். சிலர் ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்து 'டப்' என்று அடிப்பார்கள். கெப்பாசிட்டருக்கும் கெடுதி, கண்ணுக்கும் கெடுதி. 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இரண்டு முதலைக் கிளிப் மாட்டி வைத்திருக்கிறேன், பத்து வினாடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் விரல்.

அடுத்தது குண்டு பல்ப். பழைய 100 வாட் இழை பல்பை ஆம்புக்குத் தொடராகப் போட்டு முதல் கரண்ட் கொடுப்பது என் வழக்கம். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரியும், ஆம்ப் தப்பும். சரியாக இருந்தால் ஒரு கணம் எரிந்து மங்கும். எல்லாரும் எல்ஈடிக்கு மாறிய பிறகு இந்தக் குண்டு பல்ப் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. பழைய சாமான் கடையில் கண்டால் இரண்டு வாங்கி வையுங்கள். மாமாவின் ஆம்பில் பல்ப் எரிந்து மங்கியது, நான்கு வினாடி கழித்து, ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்சான ரிலே 'டிக்' என்றது. ஷோர்ட் இல்லை.

என் முதல் ஊகம் பிழை. அதில் ஒரு நாள் போனது, அதையும் எழுதிவிடுகிறேன்.

சூடேறினால் வேலை செய்கிறது என்றால் ரிப்பேர் செய்கிறவர் யாரும் முதலில் நினைப்பது வெடித்த ஈயப் பற்றைத்தான். போர்டில் பற்றவைத்த பாகத்தின் கம்பிக் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்ட வெடிப்பு இருக்கும். குளிரில் விலகி நிற்கும், சூட்டில் உலோகம் விரிந்து ஒட்டும். லென்ஸ் வைத்து வலது பக்கப் போர்ட் முழுக்கத் தேடினேன். சந்தேகமான ஐந்தாறு இடத்தில் பழைய ஈயத்தை உறிஞ்சிப் புது ஈயம் வைத்தேன். மகளின் தலைமுடி உலர்த்தியை வாங்கி, குளிர்ந்த ஆம்பைப் போட்டு, வலது பக்கத்தைப் பகுதி பகுதியாகச் சூடாக்கிப் பார்த்தேன். ஹீட்சிங்க் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. வலது ஸ்பீக்கர் ஊமைதான்.

அப்போதுதான் யோசித்தேன்: சூட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையோ?

மாமாவுக்குப் போன் எடுத்து, இரவில் கரண்ட் போய் வந்த நாட்களில் அவர் காலை எப்படிப் போகும் என்று அப்படியே சொல்லச் சொன்னேன். ஐந்து மணிக்கு எழும்புவார். அத்தை தூங்குவதால் வால்யூமை மெல்ல வைத்துக் கேட்பார். ஐந்தரைக்கு அத்தை எழும்பி அடுப்பைப் பற்றவைத்ததும் சத்தத்தைக் கூட்டுவார். "அப்ப வந்துரும் மருமகனே. சூடாயிரும்ல." 

போனை வைத்துவிட்டு ஆம்பை இரண்டு மணி நேரம் ஆறவிட்டேன். ஹீட்சிங்க் பச்சைத் தண்ணி போல ஆனதும் ஓன் செய்து, ரிலே 'டிக்' என்றதும் உடனே வால்யூமைச் சட்டென்று பாதி வரை கூட்டினேன். வலது பக்கம் 'கர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு முழுதாகப் பாட்டு. பத்து வினாடி கூட இல்லை. ஆம்ப் ஐஸ் போலத்தான் இருந்தது. மூன்று வருடமாக அந்த வலது பக்கத்தைத் திறந்தது சூடு அல்ல, அத்தையின் அடுப்பு.

மறுபடி ஓஃப், ஓன், மெல்லிய சத்தம்: ஊமை. ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ரிலேயின் தலையில் ஒரு தட்டு. பாட்டு வந்தது. அதோடு தேடல் முடிந்தது.

இந்த ரிலே எதற்கு இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: ஆம்பை ஓன் செய்த முதல் சில வினாடி உள்ளே வோல்டேஜ் தள்ளாடும். அது ஸ்பீக்கரில் 'தொப்' என்று விழாமல் இருக்கவும், எப்போதாவது டிரான்சிஸ்டர் செத்து நேர் மின்சாரம் (டிசி) ஸ்பீக்கருக்குப் போய் அதைச் சுட்டுவிடாமல் இருக்கவும் நடுவில் ஒரு கதவு. பாட்டு முழுதும் அந்தக் கதவின் இரண்டு உலோகப் பொட்டு வழியாகத்தான் போகிறது. வருடக் கணக்கில் ஈரக் காற்றில் இருந்தால் பொட்டின் மேல் கறுப்பாக ஒரு படலம் பிடிக்கும். சின்ன சிக்னல் அந்தப் படலத்தைத் தாண்டாது. சத்தத்தைக் கூட்டினால் வோல்டேஜ் கூடி, படலத்தை ஓர் இடத்தில் குத்தி வழி உண்டாக்கும். ரிலே மூடியே இருக்கும் வரை அந்த வழி பெரும்பாலும் நிற்கும். ஓஃப் செய்தால் பொட்டு விலகும், அடுத்த முறை வேறு இடத்தில் தொடும், மறுபடி ஊமை.

ஆக, 'அணைக்காமல் வைத்தால் நன்றாகப் பாடுகிறது' என்று மாமா கண்டது பொய் இல்லை. ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வந்தபோதும் அது மெய்யாகி, அவர் நம்பிக்கை இன்னும் கெட்டியாகியிருக்கிறது. 2022இல் நாள்தோறும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலத்தில் அவர் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தேன்.

ரிலேயின் பிளாஸ்டிக் மூடியை மெல்லக் கழற்றினேன். இடது பொட்டு மங்கலான வெள்ளி. வலது பொட்டு, மழைநாளில் வெளியே கிடந்த ஐந்து ரூபாக் குற்றி போல. மீட்டரை ஓம்மில் வைத்து ரிலேயைக் கையால் அமுக்கினால் இடது 0.2; வலது 4 என்று காட்டும், விட்டு அமுக்கினால் 30, இன்னொரு தடவை ஒன்றுமே காட்டாது. சிலர் மணல் தாளால் தேய்ப்பார்கள். வேண்டாம், மேல்பூச்சு போய்விடும், ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாகும். வெள்ளைத் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, ஐபிஏ எனும் ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்து, பொட்டுக்கு நடுவில் வைத்து, ரிலேயை விரலால் அமுக்கி, பட்டையை இழுக்க வேண்டும். தாளில் கறுப்புக் கோடு வரும். கோடு வராமல் போகும் வரை புதுப் பட்டை. ஐபிஏ போன் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும். பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் போடாதீர்கள், சிலதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், காய்ந்தபின் பிசினாக நிற்கும்.

இது தற்காலிகம்தான். கம்பிக் கால்கள் அதே அமைப்பில் உள்ள 24 வோல்ட் ரிலே கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைத்தது. தெரிந்த ஒருவர் பஸ்ஸில் கொண்டு வந்து கொடுத்தார். அடுத்த ஞாயிறு மாற்றினேன்.

ரிலேயோடு வேலை முடிந்திருக்கும். ஆனால் மூன்று வருடச் சூடு விட்டுப்போன அடையாளங்கள் வேறு இருந்தன. வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் டிரான்சிஸ்டருக்குக் கீழே போர்ட் பழுப்பு நிறமாகியிருந்தது, ரொட்டி கருகுவது போல. அதற்கு ஒட்டி நின்ற இரண்டு சின்னக் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தால் 100 மைக்ரோபாரட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று 61, ஒன்று 38. பிளாஸ்டிக் உறை சுருங்கித் தலை தெரிந்தது.

இது ஏன் என்று ஒரு கணக்கு போட்டு மாமாவுக்குக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன். சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் '85 டிகிரி' என்று அச்சடித்திருக்கும். பெரும்பாலும் அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று அர்த்தம். 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அந்த இடத்தில் நான் அளந்தது 55 டிகிரி. முப்பது டிகிரி குறைவு, மூன்று முறை இரட்டித்தால் 16,000 மணி. ஒரு வருடத்துக்கு 8760 மணி. அணைக்காமல் வைத்தால் இரண்டு வருடம் கூட ஆகாது. நாளுக்கு நாலு மணி நேரம் மட்டும் போட்டால் ஏறக்குறைய பதினொரு வருடம். புதிதாகப் போட்டவை 105 டிகிரி வகை. கணக்குப்படி அவை என் பேரன் காலம் வரை வர வேண்டும். அடி ரப்பர் மூடி அவ்வளவு காலம் தாங்காது என்பதால் பதினைந்து வருடத்துக்கு மேல் நான் நம்ப மாட்டேன்.

ஆனால் சூடேறுவதே பொய் என்று நான் சொல்லவில்லை. ஆம்ப் சூடேறும்போது உள்ளே உண்மையாகவே சில விஷயங்கள் மாறுகின்றன, எவ்வளவு என்று எனக்கும் அளந்து பார்க்க ஆசை. மேசையில் திறந்து கிடக்கிறதே.

இந்த வகை ஆம்பில், ஏபி வகுப்பு என்பார்கள், பாட்டு இல்லாதபோதும் கடைசி டிரான்சிஸ்டர்களில் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். மேல் பாதி அலையிலிருந்து கீழ்ப் பாதிக்கு ஒன்று மற்றொன்றிடம் கைமாற்றும்போது தடுக்காமல் இருக்க அது வேண்டும். அதற்கு 'பயஸ்' என்று பெயர். டிரான்சிஸ்டர் சூடாகும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் அது திறக்கத் தேவையான வோல்டேஜ் 2 மில்லிவோல்ட் அளவில் குறையும். அப்படியே விட்டால் சூடு கரண்டைக் கூட்டும், கரண்ட் சூட்டைக் கூட்டும், முடிவில் புகை. அதைத் தடுக்க இன்னொரு சின்ன டிரான்சிஸ்டரை ஹீட்சிங்கிலேயே ஒட்டவைத்திருப்பார்கள். சூட்டைப் பார்த்து அது பயஸைக் குறைக்கும். ஹீட்சிங்க் சூடாகி இந்தக் காவல்காரன் நிலைக்கு வரும் வரைதான் உண்மையான 'வார்ம்-அப்'.

இதை அளக்கப் போய்த்தான் ஒரு வம்பு. அந்தக் கடைசி டிரான்சிஸ்டரின் கரண்ட் போகிற எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டர் முள்ளைக் கையால் பிடித்திருந்தேன். வெளியே யாரோ கதவைத் தட்ட, முள் வழுக்கிப் பக்கத்துக் காலில் விழுந்தது. பொறி, பல்ப் பளீர், ரிலே 'டிக்' என்று விட்டது. ஸ்பீக்கர் மாட்டியிருக்கவில்லை, பல்ப் தொடரில் இருந்தது. ஒரு நிமிடம் கதிரையை விட்டு நான் எழும்பவில்லை. எல்லா டிரான்சிஸ்டரையும் அளந்தேன், ஒன்றும் போகவில்லை. வந்தவர் மீட்டர் ரீடிங் எடுக்க வந்த தம்பி, அவரும் மீட்டர்தான். அதன் பிறகு பவரை ஓஃப் செய்து, கெப்பாசிட்டரை வெறுமையாக்கி, முதலைக் கிளிப்பை மாட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் ஓன். இதை இருபது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

பல்பை நீக்கி, முழு வோல்டேஜில், அறை 16 டிகிரியில் இடது பக்கம் எடுத்த அளவு இது. ரெசிஸ்டர் 0.22 ஓம். போட்டவுடன் 3.5 மில்லிவோல்ட், அதாவது சுமார் 16 மில்லிஅம்பியர். பத்து நிமிடத்தில் 8.8, நாற்பது மில்லிஅம்பியர். இருபது நிமிடத்தில் 10.6. நாற்பது நிமிடத்தில் 11, ஐம்பது மில்லிஅம்பியர். இரண்டு மணி நேரம் கழித்து 11.1. இரவு முழுக்க விட்டு விடியற்காலை பார்த்தேன்: 11.0. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஆம்ப் மாறவே இல்லை. மூன்று வருடம் விட்டாலும் அதற்கு மேல் போகப் போவதில்லை. பயஸைத் திருகி வைக்க வேண்டுமென்றால் மட்டும் இந்த நாற்பது நிமிடம் காக்க வேண்டும். குளிரில் 11க்குத் திருகி வைத்தால் சூடானபின் அது எங்கே போய் நிற்கும் என்று மேலே உள்ள எண்களைப் பார்த்தாலே தெரியும்.

சரி, அந்த மாற்றம் காதுக்குத் தெரியுமா? ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, 1 வாட் அளவில், கம்பியூட்டரோடு இணைத்த சவுண்ட் கார்டால் கோணலை, அதாவது பாட்டின் அலை எவ்வளவு உருமாறுகிறது என்பதை, அளந்தேன். போட்டவுடன் 0.031 சதவீதம், பத்து நிமிடத்தில் 0.016, நாற்பதில் 0.014. எண்ணில் பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் மாமாவின் ஸ்பீக்கரே அதைவிடப் பல மடங்கு கோணலைச் சேர்க்கும்.

எண்ணைக் காட்டினால் மாமா ஒப்ப மாட்டார் என்று தெரியும். ஒரே ஆம்பைக் குளிரிலும் சூட்டிலும் மாற்றி மாற்றிக் கேட்கவும் முடியாது. அதனால் வேறு வழி: வயலின் வரும் ஒரு பழைய பாட்டின் நாற்பது வினாடியை, ஆம்பைப் போட்ட முதல் நிமிடத்தில் அதன் வெளியீட்டிலிருந்து பதிவு செய்தேன். ஒரு மணி நேரம் கழித்து, வால்யூமைத் தொடாமல், அதையே மறுபடி. இரண்டின் சத்தமும் ஒரே அளவா என்று சரிபார்த்தேன், ஏனென்றால் கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதைத்தான் 'நல்லது' என்கும். மாமாவை வரவழைத்து, நல்ல ஹெட்போனைக் கொடுத்தேன். எது எது என்று நாணயம் சுண்டிப் போடும் வேலை மகளுக்கு, நானும் பார்க்கவில்லை. பத்து தடவை.

"இது சூடு... இது பச்சை... இல்ல, இரு பாப்பா, இன்னொருக்கா போடு."

பத்தில் ஆறு சரி. மாமாவுக்குச் சந்தோஷம், "ஆறு ஜெயிச்சேன் பாத்தியா!" மகள் கணக்குப் பாடம் நடத்தினாள்: "தாத்தா, கண்ணை மூடிக்கிட்டு குத்துமதிப்பா சொன்னாலும் நூத்துக்கு முப்பத்தெட்டு தடவ ஆறோ அதுக்கு மேலயோ வரும். ஒன்பது வாங்கியிருந்தா நம்பியிருப்பேன்." நானும் பத்து தடவை செய்தேன். எனக்கு ஐந்து.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டது நல்ல கேள்வி. "அப்ப எங்க அப்பாரு காலத்துல ரேடியோவப் போட்டுட்டு காத்துக்கிட்டு இருப்போமே, அதுவும் பொய்யா?"

பொய் இல்லை. அது வால்வு. வால்வுக்குள் 6.3 வோல்ட்டில் ஒரு இழை எரிந்து கேதோடைச் சிவக்கச் செய்தால்தான் எலக்ட்ரோன் கிளம்பும். அரை நிமிடம் போலச் சத்தமே வராது, பிறகு மெல்ல எழும்பும். பச்சைக் கண் ஒன்று விரிந்து சுருங்கும் ரேடியோ எங்கள் தாத்தா வீட்டிலும் இருந்தது. இலங்கை வானொலியின் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே போட்டு வைப்பார்கள். கோயில் திருவிழாவுக்கு வரும் ஸ்பீக்கர் செட்காரர்களும் ஒரு காலத்தில் வால்வு ஆம்ப்தான் கொண்டு வந்தார்கள், 'சூடேறட்டும் சூடேறட்டும்' என்பது அவர்கள் வாயில் வந்த சொல். வால்வு போன பிறகும் சொல் போகவில்லை. அந்த வால்வு ஆம்பையும் யாரும் இரவெல்லாம் எரியவிடவில்லை. வால்வுக்கு ஆயுள் மணிக்கணக்கு, எரிகிற ஒவ்வொரு மணியும் செலவு.

ஏ வகுப்பு ஆம்ப் என்று ஒன்று உண்டு, பாட்டு இல்லாவிட்டாலும் முழு கரண்டையும் எரித்துக்கொண்டே இருக்கும். அதற்கு அரை மணி நேரம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதை அணைக்காமல் வைப்பது வீட்டில் ஹீட்டர் வைப்பதுதான். இளசுகள் வாங்கும் உள்ளங்கை அளவு புளூடூத் போர்டுகள் டி வகுப்பு. அவற்றுக்கு எதுவும் வேண்டாம்.

மாமாவிடம் ஒரு நல்ல வாதம் மிச்சம் இருந்தது, அதற்கு நான் பாதி தலையசைத்தேன். ஈரம். என் மேசையில் உள்ள சின்ன மீட்டர் அந்த வாரம் முழுக்க 90 சதவீதத்துக்குக் கீழே வரவில்லை. அலுமாரியில் வைத்த பெல்ட்டில் பூஞ்சணம் பிடிக்கும் ஊர் இது. சும்மா கிடக்கும் ஆம்பில் வால்யூம் கரகரக்கும், பிளக் சொக்கெட் எல்லாம் பச்சை பிடிக்கும். வருடக் கணக்கில் கரண்ட் பார்க்காத கெப்பாசிட்டருக்கு உள்ளேயும் மெல்லிய ஒக்சைட் படலம் தளர்ந்துவிடும். அப்படிப்பட்டதைத் திடீரென்று முழு வோல்டேஜில் போடாமல் குண்டு பல்ப் வழியாக மெல்ல எழுப்ப வேண்டும். எனவே ஆம்பைப் பூட்டி வைக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டாலே உள்ளே போதுமான அளவு காயும். அதற்கு 24 மணி நேரம் தேவையில்லை.

காசுக் கணக்கும் பார்த்தோம். பாட்டு இல்லாமல் ஆம்பும் ஸ்டெப்-டவுனும் சேர்ந்து 41 வாட். ஒரு நாள் முழுக்க, முப்பது நாளைக்கு: 29.5 யூனிட். வீட்டுக் கட்டணம் யூனிட் கூடக் கூடப் படிப்படியாக ஏறுவது. மாமா மாதம் ஏறக்குறைய முப்பது யூனிட்டைச் சும்மா எரியவிட்டிருக்கிறார். நாளுக்கு நாலு மணி என்றால் ஐந்து யூனிட் கூட வராது.

இத்தனையும் கேட்டுவிட்டு மாமா சொன்னது: "சரிதான். ஆனா அந்தக் கரப்பான் படத்த அத்தகிட்ட காட்டியிருக்க வேணாம்."

நான் கடைசியாக அழுத்திச் சொன்னது இடியைப் பற்றி. சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் மத்தியானத்துக்குப் பிறகு இந்த மலைகளில் இறங்கும் இடிக்கு ஓஃப் சுவிட்ச் ஒரு தடையே இல்லை. மேகங்களிலிருந்து தரை வரை பாய்ந்து வருவது சுவிட்ச்சின் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்காது. பிளக்கைக் கழற்ற வேண்டும், ரேடியோ ஏரியல் வயரையும் கழற்ற வேண்டும். இருண்டு வரும்போதே, தலைக்கு மேலே வந்த பிறகு அல்ல.

ஆம்ப் திரும்பிப் போய் மூன்று வாரம் ஆகிறது. காலை ஐந்து மணிக்கு மெல்லிய சத்தத்திலேயே இரண்டு பக்கமும் பாடுகிறதாம். மாமா இரவில் ஓஃப் செய்கிறார், பிளக்கையும் கழற்றுகிறார். ஆனால் காலையில் ஆம்பைப் போட்டுவிட்டுத் தண்ணி கொதிக்கவைத்து, தேயிலைச் சாயம் ஊற்றி, குடித்து முடித்த பிறகுதான் பாட்டைப் போடுகிறார் என்று அத்தை சொன்னார். பத்து நிமிடம். அளவுப்படி 8.8 மில்லிவோல்ட்.

முந்தாநாள் போன். "மருமகனே, ரெண்டு பக்கமும் ஜம்முனு இருக்கு. சத்தத்தக் கூட்டுறப்ப மட்டும் எடது பக்கம் லேசா கரகரங்குது. ஒருவேள பதினஞ்சு நிமிசம் விடணுமோ?"

வால்யூம் கொன்ட்ரோல். வரும் ஞாயிறு ஐபிஏ போத்தலோடு நானே போகிறேன்.